கொட்டைப்பெட்டிக் காசும் காப்புறுதி அட்டையும்



சங்கத்தின் சென்ற பொதுக்கூட்டம் முடிந்து எல்லாரும் தேநீரும் வடையுமாக நின்றுகொண்டிருந்த வேளையில் அன்பர் ஒருவர் எம்மை ஓரமாக அழைத்தார். ஷார்ஜாவில் ஏ.சி. பழுதுபார்க்கும் சிறு தொழில் நடத்துபவர். உரிமம் அவர் பெயரிலேயே இருக்கிறது. "டாக்டர், என் தம்பி நியூ ஜெர்சியில சொந்தமா டிரக் ஓட்டுறான். இன்சூரன்ஸுக்குக் கட்டுற பணம் முழுசும் வரியில கழியுதாம். வைத்தியத்துக்குன்னு பேங்க்ல தனியா ஒரு கணக்கு வச்சிருக்கானாம், அந்தப் பணத்துக்கும் வரி இல்லையாம். நமக்கு இங்க அப்படி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

நின்ற நிலையில் சொல்லக்கூடிய பதில் "இல்லை" என்பதுதான். வருமான வரியே இல்லாத ஊரில் எதிலிருந்து எதைக் கழிப்பது? அவரும் சிரித்துவிட்டு வடையைத் தொடர்ந்தார். ஆனால் கேள்வி எம்மை விடவில்லை. வரி இல்லை என்று மகிழ்ந்து இருக்கும் நாம், மற்ற நாடுகள் வரிச் சலுகையைக் காட்டி மக்களைச் செய்யவைக்கும் ஒரு காரியத்தைச் செய்யாமலே இருந்துவிடுகிறோமோ என்று தோன்றியது. அதைப் பற்றியே இவ்விதழில் எழுதுகிறோம். நாம் வைத்தியர், கணக்காளர் அல்லர். ஆயினும் காப்புறுதி இல்லாததால் முற்றிய நோயை நாளாந்தம் பார்ப்பவர் நாமே. (நாம் காப்புறுதி என்று எழுதுவதை இந்திய நண்பர்கள் காப்பீடு என்பர். வாயில் வருவதென்னவோ எல்லாருக்கும் இன்சூரன்ஸ்தான்.)

2025ஆம் ஆண்டில் எம்மிடம் வந்த ஒருவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். ஆள் அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஷார்ஜாவில் தையற்கடை நடத்துபவர். வயது 58. பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு. கடையில் இரண்டு தையற்காரர்கள் வேலை செய்கிறார்கள். 2025 ஜனவரி 1 முதல் ஷார்ஜா, அஜ்மான், உம் அல் குவைன், ராஸ் அல் கைமா, புஜைரா ஆகிய ஐந்து எமிரேட்டுகளிலும் தனியார் துறைத் தொழிலாளருக்கும் வீட்டுப் பணியாளருக்கும் மருத்துவக் காப்புறுதி கட்டாயமானது வாசகர்களுக்குத் தெரியும். அது இல்லாமல் அவர்களுடைய விசா புதிதாக அடிக்கவோ புதுப்பிக்கவோ முடியாது. எனவே இவர் தம்மிடம் வேலை செய்யும் இருவருக்கும் ஆளுக்கு ஆண்டுக்கு 320 திர்ஹம் வீதம் அடிப்படைப் பாலிசி எடுத்துக் கொடுத்தார். அவருடைய சொந்த விசா 2024இலேயே புதுப்பிக்கப்பட்டிருந்தது. ஆகவே அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அவரும் எடுக்கவில்லை.

மாத்திரைகள் ஊரிலிருந்து வருபவர்களின் பெட்டியில் வரும். பெட்டி வராத மாதத்தில் இரண்டு மாத்திரை ஒன்றாகிவிடும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி பரிசோதனையைக் கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று கேட்டோம். நினைவில்லை என்றார். புதுச் செருப்பு உரசி வலக்காற் பெருவிரலில் ஒரு புண். வலி இல்லை. நீரிழிவால் நரம்பு மரத்த காலில் வலி தெரியாது. ஆபத்து அதில்தான் இருக்கிறது. வலிக்கவில்லையே என்று மஞ்சளும் களிம்புமாக மூன்று வாரம் கழித்திருக்கிறார். எம்மிடம் வந்தபோது விரல் கறுத்திருந்தது. அன்றே வைத்தியசாலைக்கு அனுப்பினோம். விரலை எடுக்க வேண்டியதாயிற்று. கால் தப்பியது. மகளின் கல்லூரிப் படிப்புக்கென்று வைத்திருந்த பணம் தப்பவில்லை.

கட்டு மாற்ற வந்த ஒரு நாள் அவர் சொன்னார்: "பசங்களுக்கு எடுத்தேன் டாக்டர். எனக்கு எடுக்கணும்னு தோணவே இல்ல."

சட்டம் கேட்டதை அவர் செய்தார். சட்டம் கேட்காததைச் செய்யவில்லை. நம்மில் சொந்தத் தொழில் செய்பவர் பெரும்பாலோரின் நிலை இதுதான். அவர்களை எச்சரிக்க மேலே ஒரு முதலாளி இல்லை. வளைகுடாவில் அர்பாப் என்று ஒருவர் இருந்தால் அவரைத் திட்டிக்கொண்டாவது நம் பத்தாக்காவும் இன்சூரன்ஸ் அட்டையும் வந்து சேரும். சொந்தக் கடை வைத்தவருக்கு முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே, நோயாளியும் அவரே.

இனி நியூ ஜெர்சித் தம்பியின் விஷயத்துக்கு வருவோம். கூட்டாட்சி அரசின் வருமான வரியைப் பொறுத்தவரை அவர் சொன்னது உண்மை. அமெரிக்காவில் சொந்தத் தொழில் செய்பவர் தமக்கும் குடும்பத்துக்கும் கட்டும் மருத்துவக் காப்புறுதிப் பிரீமியத்தை 2003ஆம் ஆண்டிலிருந்து முழுமையாக, அதாவது 100 சதவீதமும், வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். தொழிலில் அந்த ஆண்டு வந்த இலாபத்துக்கு மேற்படாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தனிக் கணக்கு என்று அவர் சொன்னது மருத்துவச் சேமிப்புக் கணக்கு. 2003 டிசம்பரில் ஜனாதிபதி புஷ் கையொப்பமிட்ட சட்டத்தின்படி 2004 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. கணக்கில் போடும் பணத்துக்கு வரி இல்லை. அது வளர்ந்தால் வளர்ச்சிக்கு வரி இல்லை. வைத்தியச் செலவுக்காக எடுத்தால் அப்போதும் வரி இல்லை. 65 வயதுக்கு முன் வேறு செலவுக்கு எடுத்தாலோ வரியோடு 20 சதவீதத் தண்டமும் உண்டு. 2026ஆம் ஆண்டுக்கான உச்ச வரம்பு தனியொருவருக்கு 4,400 டொலர், குடும்பத்துக்கு 8,750 டொலர்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கை எல்லாரும் திறக்க முடியாது. ஆரம்பச் செலவில் பெரிய தொகையை நோயாளியே கையிலிருந்து கொடுக்க வேண்டிய வகைப் பாலிசி எடுத்தவருக்கே அது பெரும்பாலும் அனுமதிக்கப்படுகிறது. அப்படிப்பட்ட பாலிசி வைத்திருப்பவர் "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போடுவார். தள்ளிப்போட்ட நெஞ்சுவலி எப்படி முடியும் என்பது எமக்குத் தெரியும். அத்துடன் அதிக வரி கட்டும் பணக்காரருக்கே அதிகம் மிச்சமாகும். கையில் ஒன்றுமில்லாதவர் கணக்கில் எதைப் போடுவார்? ஆகவே அமெரிக்க முறை முழுவதையும் நாம் மெச்சவில்லை. அதில் எமக்குப் பிடித்தது ஒன்றே. வைத்தியத்துக்கான பணம் என்று பெயரிட்டு ஒரு தொகை தனியே வைக்கப்படுகிறது. வேறு எதற்கும் அதைத் தொட மனிதர் தயங்குகிறார்.

இந்த யோசனையில் அமெரிக்காவுக்கு மூத்தது சிங்கப்பூர். அங்குள்ள மெடிசேவ் திட்டம் 1984இல் தொடங்கியது. சம்பளக்காரருக்கு மாதச் சம்பளத்திலிருந்தே ஒரு பகுதி அவருடைய வைத்தியக் கணக்குக்குப் போய்விடும். சொந்தத் தொழில் செய்பவரையும் அந்த அரசு விடவில்லை. ஆண்டுக்கு 6,000 சிங்கப்பூர் டொலருக்கு மேல் நிகர வருமானம் உள்ளவர் கட்டாயம் கட்ட வேண்டும். லிட்டில் இந்தியாவில் பூக்கடை வைத்திருப்பவரும் டாக்ஸி ஓட்டுபவரும் இதற்குள் அடங்குவர். சிங்கப்பூரில் உறவினர் உள்ள வாசகர்கள் விசாரித்துப் பார்க்கலாம். "அந்தக் காசு கண்ணில் தெரிகிறது, கையில் வரமாட்டேன் என்கிறது" என்று அலுத்துக்கொள்வார்கள். அலுப்பு நியாயமானதே. ஆனால் வைத்தியசாலைச் சீட்டு வரும் நாளில் அந்த அலுப்பு இராது.

வளைகுடாவில் ஆட்சியாளர்கள் பிடித்த வழி வேறு. இங்கே வரியைக் காட்டி ஆசையூட்ட முடியாது. ஆகவே விசாவோடு காப்புறுதியைக் கட்டிவிட்டார்கள். சவூதியில் 1999இல் கூட்டுறவு மருத்துவக் காப்புறுதிச் சட்டம் வந்தது. அபுதாபியில் 2005ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம் வந்தது. தொழிலாளருக்கு மட்டுமல்ல, அவருடைய துணைக்கும் 18 வயதுக்குட்பட்ட மூன்று பிள்ளைகளுக்கும் முதலாளியே காப்புறுதி எடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. துபாயில் 2013ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் 2014 முதல் கட்டம் கட்டமாக அமுலுக்கு வந்தது. அங்கு முதலாளி தொழிலாளருக்கு எடுத்தாற் போதும். மனைவி மக்களுக்கு எடுப்பது அவர்களை ஸ்பான்சர் செய்பவரின் பொறுப்பு. கடைசியாக 2025இல் வட எமிரேட்டுகள் வந்து சேர்ந்தன.

இதனால் நன்மை விளைந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. முன்பெல்லாம் கட்டடத் தொழிலாளர் காய்ச்சலோடு வந்தால் இரத்தப் பரிசோதனை எழுதவே எமக்குக் கை கூசும். இன்று எழுதுகிறோம். ஆனால் காப்புறுதி விசாவுக்கான ஒரு காகிதமாகிவிட்டதால் வந்த கெடுதலையும் சொல்ல வேண்டும். சொந்தத் தொழில் செய்பவர் டைப்பிங் சென்டருக்குப் போகிறார். "விசாவுக்கு எது மலிவோ அதைப் போடு" என்கிறார். எந்த வைத்தியசாலைக்குப் போகலாம், மருந்துக்கு எவ்வளவு வரை தருவார்கள், ஏற்கெனவே உள்ள நோய்க்கு எப்போதிலிருந்து தருவார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. அட்டையை எமது வரவேற்பு மேசையில் நீட்டும்போதுதான் பாலிசியின் பெயரையே பலர் முதன்முதலாக வாசிக்கிறார்கள். ஏழாயிரம் திர்ஹம் போனுக்கு நான்கு கடை ஏறி இறங்குபவர், தம் இதயத்துக்கான பாலிசியை டைப்பிஸ்ட் பையனின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறார்.

மலிவுப் பாலிசி கெட்டது என்று நாம் சொல்லவரவில்லை. 320 திர்ஹம் பாலிசியையே பாருங்கள். நீண்டகால நோய்க்குக் காத்திருப்புக் காலம் இல்லை. வைத்தியசாலையில் படுக்க நேர்ந்தால் நோயாளி கொடுப்பது 20 சதவீதம். அதுவும் ஒரு முறைக்கு 500 திர்ஹம், ஆண்டுக்கு 1,000 திர்ஹம் என்ற வரம்போடு. அதற்கு மேற்பட்டதைக் காப்புறுதிக் கம்பனி ஏற்கும். நம் தையற்கடைக்காரருக்கு இப்படி ஒன்று இருந்திருந்தால் மகளின் பணம் பிழைத்திருக்கும். ஆனால் மருந்து விஷயத்துக்கு வாருங்கள். மருந்துக்கு நோயாளியின் பங்கு 30 சதவீதம். ஆண்டு வரம்பு 1,500 திர்ஹம். பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 125 திர்ஹம். நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் என்று மூன்றுக்கும் மருந்து எடுப்பவருக்கு, அதிலும் இன்சுலின் போடுபவருக்கு, இது ஆண்டு முழுவதும் வராது. வரம்பு முடிந்த மாதங்களில்தான் மாத்திரையைப் பாதியாக உடைக்கும் பழக்கம் தொடங்குகிறது. துபாயின் அடிப்படைப் பாலிசிக்கு ஆண்டு மொத்த வரம்பு 150,000 திர்ஹம். ஆனால் முதன்முறை சேருபவருக்கு ஏற்கெனவே உள்ள நோய்க்கு ஆறு மாதக் காத்திருப்பு உண்டு. காப்புறுதி தரும் இடத்துக்கும் நோய் கேட்கும் இடத்துக்கும் நடுவே எப்போதும் ஓர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் தனிச் சேமிப்பு வேண்டும்.

ஏ.சி. அன்பரின் கேள்விக்கு இங்குள்ள வரி நிலைமையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். சம்பளத்துக்கு எமிரேட்டில் வருமான வரி இல்லை. ஆனால் வரியே இல்லை என்று இனிச் சொல்ல முடியாது. 2018 ஜனவரியில் வந்த 5 சதவீத வாட் வரி மருத்துவக் காப்புறுதிப் பிரீமியத்துக்கும் உண்டு. 2023 ஜூன் முதல் தொடங்கும் கணக்காண்டுகளுக்கு நிறுவன வரி வந்தது. 375,000 திர்ஹத்துக்கு மேற்பட்ட இலாபத்தில் 9 சதவீதம். தனிநபர் தம் பெயரில் தொழில் செய்தால், ஆண்டுக்கு மொத்த வரவு பத்து இலட்சம் திர்ஹத்தைத் தாண்டினால் மட்டுமே இந்த வரி அவரைத் தொடும். அப்படித் தாண்டியவர் தம் தொழிலாளருக்குச் சட்டப்படி கட்டிய பிரீமியத்தைத் தொழிற் செலவாகக் காட்டலாம். தம் சொந்தப் பிரீமியத்தை? தொழிலுக்காகவே முழுமையாகச் செய்த செலவே கழியும், உரிமையாளர் தமக்கென்று எடுத்துக்கொள்ளும் பணம் கழியாது என்பது பொது விதி. ஆகவே அதைச் செலவில் எழுதுமுன் கணக்காளரைக் கேட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்குக் கட்டியது கழியும், தமக்குக் கட்டியது சந்தேகம் என்ற இந்த விதியில் தையற்கடைக்காரரின் வார்த்தை எமக்குத் திரும்பவும் கேட்டது.

ஓமானில் 2025 ஜூனில் தனிநபர் வருமான வரிச் சட்டம் அறிவிக்கப்பட்டது. வளைகுடாவில் இதுவே முதலாவது. 2028 முதல், ஆண்டுக்கு 42,000 ரியாலுக்கு மேற்பட்ட வருமானத்தில் 5 சதவீதம். அச்சட்டம் பேசும் கழிவுகளில் கல்வியோடு வைத்தியமும் இருக்கிறது. நம் வாசகர்களில் அந்த அளவு வருமானம் உள்ளவர் மிகச் சிலரே. ஆயினும் வரி என்று வந்தவுடன் வைத்தியக் கழிவும் கூடவே வருவதைக் கவனிக்க வேண்டும். வரி இல்லாத இடத்தில் அந்தக் கழிவை நமக்கு நாமே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எமது யோசனை இதுதான். ஓமான் கேட்கப்போகும் அந்த 5 சதவீதத்தை நீங்கள் உங்களிடமே கேளுங்கள். கடை வாடகை, சம்பளம் எல்லாம் போக மாதம் 6,000 திர்ஹம் மிஞ்சுகிறது என்றால் 300 திர்ஹம். ஆண்டுக்கு 3,600. முதலில் இதிலிருந்து பாலிசி. வயதுக்கும் நோய்க்கும் ஏற்பப் பிரீமியம் மாறும். ஐம்பது கடந்தவருக்கு இத்தொகையில் பெரும்பகுதி அதிலேயே போகலாம். மிஞ்சியதை வேறொரு கணக்கில் வையுங்கள், ஏ.டி.எம். அட்டை இல்லாமல். கையிலிருந்து கொடுக்கும் பங்கு, வரம்பு முடிந்தபின் வாங்கும் மாத்திரை, பல், கண்ணாடி, ஆண்டுக்கொரு முறை எச்.பி.ஏ.1சியும் சிறுநீரகப் பரிசோதனையும், எல்லாம் அதிலிருந்து. ஊருக்கு அனுப்பும் பணத்தில் அல்ல, அதை அனுப்புவதற்கு முன்பே எடுத்துவையுங்கள். அனுப்பிய பின் மிஞ்சுவது எவ்வளவு என்பது எமக்கும் தெரியும்.

இது புதிய யோசனை அன்று. தமிழ்நாட்டுப் பெண்கள் சிறுவாட்டுக் காசு என்பார்கள். எங்கள் யாழ்ப்பாணத்தில் பனையோலையால் இழைத்த கொட்டைப்பெட்டி இருக்கும். 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தைவிட்டு மக்களோடு மக்களாக நடந்தவர்களில் நாமும் ஒருவர். அப்போது மருத்துவ மாணவர். எமது அம்மா சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்தது அந்தக் கொட்டைப்பெட்டியைத்தான். வழியில் அரிசி வாங்கவும் அதைத் திறக்கவில்லை. அரிசிக்குக் காதுத் தோட்டைக் கழற்றினார். நாம் கோபித்துக்கொண்டோம். அடுத்த ஆண்டு வன்னியில் அப்பாவுக்கு மலேரியா கண்டது. மருந்து தட்டுப்பாடான காலம். கிடைத்த இடத்தில் கேட்ட விலை. அன்று அம்மா கொட்டைப்பெட்டியை எம் கையில் தந்தார். "இது வருத்தத்துக்கு வைச்ச காசு" என்றார். மருத்துவம் படித்துக்கொண்டிருந்த எமக்கு வைத்தியச் சேமிப்புக் கணக்கு என்றால் என்ன என்று சொல்லித்தந்தவர் அவரே. பிறகு அகதியாகத் தமிழ்நாடு போய், பட்டம் முடித்து, இங்கு வந்து சேர்ந்தது வேறு கதை.

படிவம் பற்றி ஒரு வார்த்தை. "டாக்டர், ஃபைல்ல சுகர்னு போடாதீங்க, பிரீமியம் ஏறிடும்" என்று எம்மிடம் கேட்காத மாதமே இல்லை. நாம் எழுதத்தான் செய்வோம், கோபிக்க வேண்டாம். படிவத்தில் நோயை மறைத்தவருக்கு, அந்த நோயால் பெருஞ்செலவு வரும் நாளில், கம்பனி பணம் தர மறுக்க இடமுண்டு. அப்போது ஏறுவது பிரீமியம் அல்ல. இருமல் மருந்துக்கெல்லாம் ஒழுங்காகத் தந்த பாலிசி ஆஞ்சியோகிராமுக்கு மறுத்துவிட்டது என்று வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறோம். விசாரித்தால் டைப்பிங் சென்டரில் எல்லாக் கேள்விக்கும் "இல்லை" என்று தட்டியிருப்பார்கள். கையொப்பம் மட்டும் இவருடையது.

இன்னொன்று, சங்கத்தின் சார்பில் சொல்ல வேண்டியது. தையற்கடைக்காரரின் செய்தி பரவியதும் நண்பர்கள் வாட்ஸ்அப்பில் பணம் திரட்ட முனைந்தார்கள். நல்ல மனம்தான். ஆனால் எமிரேட்டில் 2021ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி அனுமதி பெற்ற அமைப்புகள் தவிர வேறு யாரும் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டக் கூடாது. மீறினால் தண்டனை உண்டு. சங்கம் இதை எடுத்துச் சொன்னபோது சிலர் மனம் வருந்தினார்கள். ஊரில் பழகியதுபோல "ஆபத்துக்கு நாலு பேர் கூடிச் சேர்த்துக் கொடுப்பார்கள்" என்ற நம்பிக்கையை இங்கே வைத்துக்கொண்டிருக்க முடியாது.

ஊருக்குத் திரும்புவது பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. நம்மில் பெரும்பாலோர் ஐம்பத்தெட்டு, அறுபதில் திரும்புகிறார்கள். திரும்பிய அன்று இங்குள்ள அட்டை செல்லாது. அப்போதுதான் இந்தியாவில் பாலிசி தேடுகிறார்கள். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர் என்றதும் காத்திருப்புக் காலம் தொடங்குகிறது. 2024 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டுக்கு மேற்படக் கூடாது. முன்பு நான்காக இருந்தது. இந்தக் காலம் பாலிசி எடுத்த நாளிலிருந்து எண்ணப்படும், நீங்கள் ஷார்ஜாவில் இருந்தாலும் சரி. ஆகவே திரும்ப நினைக்கும் ஆண்டுக்கு மூன்று, நான்கு ஆண்டு முன்பே அங்கு ஒரு பாலிசி எடுத்து, நோயை மறைக்காமல் எழுதி, விடாமல் புதுப்பித்து வந்தால், விமானத்தைவிட்டு இறங்கும்போது காத்திருப்பு முடிந்திருக்கும். இரண்டு பிரீமியமா என்று கேட்பார்கள். ஆம், சில ஆண்டுகள் இரண்டு பிரீமியம்தான். தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டெம்பர் 22 முதல் நீக்கப்பட்டது ஓரளவு ஆறுதல்.

வரிக் கழிவு என்ற சொல் நம் இந்திய வாசகருக்கு உண்மையில் பொருந்துவதும் இங்குதான். வீட்டு வாடகை, என்.ஆர்.ஓ. கணக்கு வட்டி என்று இந்தியாவில் வரிக்குரிய வருமானம் உள்ளவர், வெளிநாட்டில் வாழ்ந்தாலும், அங்கு கட்டும் மருத்துவப் பிரீமியத்தைக் கழித்துக்கொள்ளலாம். நெடுங்காலம் 80டி என்று எல்லாரும் அறிந்த பிரிவு இது. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் இலக்கம் மாறியிருக்கிறது. தமக்கும் துணைக்கும் பிள்ளைகளுக்கும் 25,000 ரூபாய் வரை. பெற்றோருக்குத் தனியாக 25,000. அவர்கள் அறுபது கடந்தவர்களானால் 50,000. ஊரில் வாழும் அறுபது கடந்த பெற்றோருக்குப் பாலிசியே கிடைக்கவில்லை என்றால், அவர்களுடைய வைத்தியச் செலவையே 50,000 ரூபாய் வரை கழிக்கலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. பணத்தை ரொக்கமாகக் கொடுத்தால் கழியாது. வங்கி வழியாகக் கொடுங்கள். பழைய வரிமுறையைத் தேர்ந்தவருக்கே இந்தச் சலுகை. புதிய முறையில் இல்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் புதிய முறையிலேயே போட்டுவிடுவார்கள் என்பதையும் ஆடிட்டரிடம் பேசும்போது நினைவில் வைக்கவும்.

இலங்கை வாசகர்களுக்கு இவ்வளவு சொல்ல இல்லை. அங்கு அரசாங்க வைத்தியசாலை இலவசம். ஆனால் அங்கு வரிசையில் நின்று பழகிய எம்மவர்தான், வைத்தியம் என்றால் இலவசம் என்ற நினைப்போடு இங்கு வந்து, எடுத்த எடுப்பில் காப்புறுதி வேண்டாம் என்பார்கள். எமது சொந்தச் சகோதரரும் அவர்களில் ஒருவர். பெயர் சொன்னால் வீட்டில் சண்டை வரும்.

சங்கத்தின் செயற்குழுவிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறோம். மாதக் கூட்டத்தன்று ஒரு மூலையில் மேசையொன்று போட்டுத் தாருங்கள். சொந்தத் தொழில் செய்யும் உறுப்பினர்கள் தம் பாலிசிக் காகிதத்தைக் கொண்டுவந்தால் கூட இருந்து வாசித்துச் சொல்கிறோம். மருந்து வரம்பு எவ்வளவு, காத்திருப்பு எவ்வளவு, எந்த வைத்தியசாலை, இம்மூன்றையும் பார்த்துச் சொல்லப் பத்து நிமிடம் போதும். கணக்காளர் நண்பர் ஒருவரும் வர இசைந்திருக்கிறார். பாலிசி விற்பவர்கள் மட்டும் அந்த மேசைக்கு வர வேண்டாம்.

ஏ.சி. அன்பரைச் சென்ற வாரம் மீண்டும் சந்தித்தோம். வேலைக்காரர் மூவருக்கும் அட்டை இருக்கிறதாம். அவருக்கு இன்னும் இல்லை. விசா ஜூலையில் புதுப்பிக்க வருகிறது, அப்போது பார்க்கலாம் என்றார். ஜூலை வரை காத்திருக்க வேண்டாம் என்று சொல்லி, இரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். படிவத்தை டைப்பிங் சென்டரில் கொடுக்குமுன் எம்மிடம் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.